ஸ்டோமா மூடலோடு 8 செ.மீ. ஹெர்னியா: கரையும் மெஷ் போட்டால் பிறகு வயிறு எதை நம்பி நிற்கும்?

கோபி_பச்சைக்கோட்டு:

வணக்கமுங்க. சர்ஜரி பார்க்கிறவங்க, மெஷ் பொருள் தெரிஞ்சவங்க ரெண்டு தரப்புகிட்டயும் கேக்குறேன்.

56 வயசு அம்மா, ஸ்பின்னிங் மில் வேலை. பி.எம்.ஐ. 32, எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை அளவு) 8.6. பழைய நடுவயிற்றுத் தழும்பில் ஹெர்னியா (வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியா உள்ளிருப்பது பிதுங்குறது), சி.டி.யில் அகலம் 8 செ.மீ., நீளம் 13 செ.மீ. ரெக்டஸ் தசை (நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நெடுக ஓடும் வயிற்றுத் தசை) அகலம் இரண்டு பக்கமும் 7 செ.மீ. வலப்பக்கம் ஐலியாஸ்டமி (சிறுகுடலை வயிற்றுத் தோல் வழியா வெளியே கொண்டுவந்து வைத்த வாய், அதுதான் ஸ்டோமா) இன்னும் இருக்கு. ஸ்டோமாவை மூடும்போதே ஹெர்னியாவையும் முடிச்சுடலாம்னு யோசனை. குடலைத் திறக்கிற கேஸ், அதனால கரையாத பாலிப்ரோப்பிலீன் மெஷ் (சுவரைத் தாங்க வைக்கிற வலை) கூடவே கூடாது, கரையும் சிந்தெடிக் மெஷ்தான்னு கம்பெனி ரெப் அடிச்சுச் சொல்றாரு.

கரைஞ்சு போறது எப்படிங்க தாங்கும்? ஃபேஸியா (தசையைப் போர்த்திய கெட்டி உறை) நடுவில் சேராம போனா, இடைவெளி மேல மெஷ்ஷை மட்டும் பாலம் மாதிரி போட்டுடலாமா? எந்தப் பொருள் எத்தனை மாசம் நிக்கும்?

தையல்காரர்_ஈரோடு:

ரெண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பாலமாகப் போடாதீங்க. கரையும் மெஷ் சென்ட்ரிங் பலகை மாதிரி. உள்ளே கான்கிரீட் போட்டிருந்தால் பலகையைப் பிரிச்சதும் கூரை நிற்கும். கான்கிரீட்டே போடாமல் பலகையை மட்டும் அடித்து வைத்தால், பிரிக்கிற அன்றைக்கு வானம்தான் தெரியும். இங்கே கான்கிரீட் என்பது நடுவில் சேர்த்துத் தைத்த ஃபேஸியா.

அது சேருமா என்பதை சி.டி.யிலேயே கணக்குப் போடலாம். இரண்டு ரெக்டஸ் அகலத்தையும் கூட்டி ஓட்டையின் அகலத்தால் வகுங்க. உங்க கேஸில் 14ஐ 8ஆல் வகுத்தால் 1.75. இது 2க்கு மேலே இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ரீவ்ஸ்-ஸ்டோப்பா (ரெக்டஸுக்குப் பின்னால் மெஷ் வைக்கும் முறை) மட்டுமே போதும். 1.5க்குக் கீழே போனால் பாதிப் பேருக்கு மேல் கூடுதலாகத் தசையை விடுவிக்க வேண்டி வரும். நீங்க நடுவில் நிற்கிறீங்க. டிரான்ஸ்வெர்சஸ் (பக்கவாட்டில் ஆழத்தில் இருக்கும் தசை) விடுவிப்பு செய்யத் தெரிந்த கை தியேட்டரில் இருக்கணும். இல்லையென்றால் கேஸை அனுப்பிடுங்க.

வரிசையும் முக்கியம். குடல் வேலையை முதலில் முடித்து, கழுவி, கையுறை, டிரேப், கருவி எல்லாவற்றையும் மாற்றின பிறகுதான் மெஷ் பெட்டியைப் பிரிக்கணும். கிருமி எதிர்ப்பு மருந்து செஃபாசோலின் 2 கிராம் கொடுத்திருந்தால் நாலு மணி நேரத்தில் மறுபடி ஒன்று, கூட மெட்ரோநிடசோல். ரெக்டஸுக்குப் பின்னால் இடம் எடுத்து, பின் உறையை 2-0 கரையும் நூலால் மூடுங்க. ஸ்டோமா போன வழியில் பின் உறையில் ஒரு ஓட்டை இருக்கும். அதைத் தனியாக மூடணும். பலர் தவறுவது இங்கேதான்: நடுக்கோட்டுக்கு மட்டும் மெஷ் அளந்து வெட்டுவார்கள், கொஞ்ச நாளில் ஸ்டோமா இருந்த இடத்திலேயே புது ஹெர்னியா எட்டிப் பார்க்கும். மெஷ் அந்த இடத்தையும் தாண்டிப் போகணும். மேலும் கீழும் 5 செ.மீ. என்றால் நீளம் 23, அகலம் அந்தப் பை முழுக்க. 15க்கு 25 துண்டு கேளுங்க.

மெஷ் மேலே ஒரு சக்‌ஷன் டிரெயின் (தேங்கும் நீரை உறிஞ்சும் குழாய்). 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் எடுக்கலாம். முன் ஃபேஸியாவுக்கு 2-0 பிடிஎஸ் (மெதுவாகக் கரையும் நூல்), 5 மி.மீ. கடி (ஓரத்திலிருந்து ஊசி குத்தும் தூரம்), 5 மி.மீ. இடைவெளி. வெட்டின நீளத்துக்கு நாலு மடங்காவது நூல் உள்ளே போயிருக்கணும். மீந்த நூலை அளந்து கழித்துப் பாருங்க, கண்மதிப்பு ஏமாற்றும்.

பாவுநூல்_திருப்பூர்:

பொருள் பக்கம் நான் சொல்றேனுங்க. "கரையும் மெஷ்" என்று ஒரே பேரில் கூப்பிடுவதால்தான் குழப்பமே. நாலும் நாலு விதம்.

விக்ரில் மெஷ், பாலிகிளாக்டின் 910: மூணு நாலு வாரத்தில் பலம் போய்விடும், மூணு மாசத்துக்குள் ஆளே இருக்காது. வயிற்றைத் தற்காலிகமாக மூட மட்டும். இதை ஹெர்னியாவுக்குப் போட்டுவிட்டுக் கரையும் மெஷ்ஷே உதவாது என்று சொல்வது நியாயமில்லை.

கோர் பயோ-ஏ: பாலிகிளைகாலிக் அமிலம் 67 பங்கு, டிரைமெத்திலீன் கார்பனேட் 33 பங்கு. நூலே கிடையாது. கார்டிங்கில் இறங்கும் பஞ்சு வெப் போல இழைகளைப் பரப்பி ஒட்டியது. ஆறேழு மாசத்தில் கரையும்.

ஃபேசிக்ஸ்: பாலி-4-ஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாக பி4எச்பி. பாக்டீரியாவை வைத்து நொதிக்கச் செய்து எடுப்பது. ஒற்றை இழை, வார்ப் பின்னல். 12 முதல் 18 மாசம். கரைந்து வரும் பொருள் உடம்பில் ஏற்கெனவே இருப்பதுதான், கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகப் போகும்.

டைகர் மேட்ரிக்ஸ்: ரெண்டு வகை இழை கலந்தது. ஒன்று ரெண்டு வாரத்தில் பலம் இழந்து நாலு மாசத்தில் கரையும். மற்றது ஆறு மாசம் பலம் பிடித்து, மூணு வருஷம் வாக்கில் மறையும். முதலில் விறைப்பு, பிறகு நெகிழ்வு. பாரம் சிறுகச் சிறுகத் திசுவுக்கு மாறட்டும் என்ற கணக்கு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம். பனியன் துணி வெஃப்ட் பின்னல். ஒரு கண்ணு அறுந்தால் ஏணி மாதிரி ஓடிடும். வார்ப் பின்னலில் ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையோடு பூட்டிக்கொள்வதால், தியேட்டரில் கத்திரி வைத்து எந்த வடிவத்தில் வெட்டினாலும் ஓரம் பிரியாது. ஒற்றை இழை ஏன் என்றால், முறுக்கிய நூலின் இடுக்கு 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கும். ஒரு மைக்ரான் பாக்டீரியா அதில் நுழைஞ்சுக்கும். அதைத் தின்ன வரும் மேக்ரோஃபேஜ் நுழையாது.

பாரக் கணக்கும் சொல்லிடறேன். பலமாக இருமும்போது வயிற்றின் உள்ளழுத்தம் 150 மி.மீ. பாதரசம், அதாவது 20 கிலோபாஸ்கல். 32 செ.மீ. விட்டமுள்ள உருண்டையாக வயிற்றை வைத்தால் சுவரில் ஒரு செ.மீ.க்கு 16 நியூட்டன். மில்லில் பஞ்சுத் தூசி இருமல் உள்ளவருக்கு இந்த 16 ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருமென்று நினைச்சுப் பாருங்க.

கோபி_பச்சைக்கோட்டு:

நன்றிங்க, இருமலை நான் கேஸ் ஷீட்டில் எழுதவே இல்லை. இன்னொண்ணு: 15க்கு 25இல் வெட்டி மீதி வந்தா, அதை ஆட்டோகிளேவில் (ஆவியில் கிருமி நீக்குற கருவி) போட்டு வைக்கலாமான்னு நிர்வாகத்தில் கேக்குறாங்க. பாலிப்ரோப்பிலீனை அப்படிப் பண்ற வழக்கம் பல இடத்தில் இருக்கே?

தியேட்டர்_சிஸ்டர்:

கூடவே கூடாதுங்க டாக்டர். பி4எச்பி உருகுறதே 60 டிகிரி பக்கத்தில். ஆட்டோகிளேவ் 121 டிகிரி. வெளியே எடுக்கும்போது மெஷ் இருக்காது, கட்டிதான் இருக்கும். பாலிகிளைகாலிக் வகை உருகாது. ஆனா ஆவியில் வேதிக்கட்டு அறுந்துடும். பார்க்க மெஷ் மாதிரியே இருக்கும், பலம் இருக்காது. அதுதான் இன்னும் ஆபத்து. பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரி தாண்டித்தான் உருகும், அதனால் அந்த வழக்கம் வந்துச்சு. கம்பெனி அதையும் ஒருமுறைக்குத்தான் என்று அச்சடிக்குது. ஆபரேஷனுக்கு முன்பே அளவு பார்த்து வாங்குங்க.

பெட்டி வரும்போதே நான் பார்க்கிறது: ஃபாயில் உறையில் பொத்தல் இருந்தா திருப்பி அனுப்பணும், ஈரக்காத்து பட்டாலே சிதைவு ஆரம்பிச்சுடும். அச்சிட்ட வெப்ப வரம்பைப் பாருங்க. சித்திரை வெயிலில் டூவீலர் டிக்கியில் வந்த பெட்டியை வாங்கி அலமாரியில் வைக்க வேண்டாம். இறக்குமதிப் பொருள்னா லேபிளில் இறக்குமதி உரிம எண் இருக்கணும். ஃபேசிக்ஸ்னா நோயாளிக்கு டெட்ராசைக்ளின், கனாமைசின் ஒவ்வாமை உண்டான்னு கேக்கணும். தயாரிப்பில் அந்த ரெண்டும் வருது, கூட வரும் தாளிலேயே போட்டிருக்கு. ஸ்டிக்கர் ஒண்ணு கேஸ் ஷீட்டுக்கு, ஒண்ணு நோயாளி கைக்கு.

குறுக்குக்கேள்வி_கோவை:

ரெப் சொன்ன "கூடவே கூடாது" என்பதைத் தொடாமலே எல்லாரும் தாண்டிவிட்டீர்கள். 2022இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஆய்வு: குடல் திறந்த, கிருமி பட்ட வென்ட்ரல் (முன்வயிற்று) ஹெர்னியாக்கள், 253 பேர், சீட்டுக் குலுக்கிப் பிரித்தது. ஒரு பக்கம் பன்றித்தோலில் செய்த பயாலஜிக் மெஷ், மறுபக்கம் நடுத்தர எடை பாலிப்ரோப்பிலீன், இரண்டும் ரெக்டஸுக்குப் பின்னால். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தது பயாலஜிக்கில் 20.5 சதவீதம், பாலிப்ரோப்பிலீனில் 5.6. தொற்றுச் சிக்கலில் பெரிய வித்தியாசமில்லை.

அது பயாலஜிக் பற்றிய ஆய்வு, கரையும் சிந்தெடிக் பற்றியது அல்ல என்பது சரி. அதற்கான எண்களையும் சொல்கிறேன். பயோ-ஏ, கிருமி பட்ட 104 கேஸ், இரண்டு வருஷத்தில் 17 சதவீதம் திரும்பியது. ஃபேசிக்ஸ், கிருமி படாத ஆனால் ஆபத்து அதிகமுள்ள 121 பேர்: 18 மாசத்தில் 9 சதவீதம், மூன்று வருஷத்தில் 18 பக்கம். மெஷ் கரைந்த பிறகு வளைகோடு ஏறுவதைக் கவனியுங்கள். ஒப்பிட எதிர்ப்பக்கம் இல்லாத ஆய்வுகள் என்பதால் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் ஒரு வருஷ முடிவைக் காட்டி விற்க வருபவரிடம் மூன்று வருஷ முடிவைக் கேட்கலாம்.

என் கணிப்பில் இந்த அம்மாவுக்கு இன்று எந்த மெஷ்ஷும் வேண்டாம். எச்பிஏ1சி 8க்குக் கீழே வரட்டும், இருமலுக்கு மார்பு டாக்டர் பார்க்கட்டும். ஸ்டோமாவை மட்டும் முதலில் மூடிவிட்டு, சில மாசம் கழித்துச் சுத்தமான வயிற்றில் ஹெர்னியாவைச் செய்தால், எந்த மெஷ் என்ற கேள்வியே எழாது. சாதாரண பாலிப்ரோப்பிலீன் போதும்.

தையல்காரர்_ஈரோடு:

சர்க்கரை, இருமல் விஷயத்தில் மறுபேச்சில்லை. ரெண்டு கட்டமாகச் செய்வதிலும் ஒரு விலை உண்டு: ரெண்டு மயக்க மருந்து, ரெண்டாம் முறை ஒட்டுதல்களைப் பிரிக்கும் வேலை. ஸ்டோமா மூடல் அதைச் சுற்றி மட்டும் வெட்டும் சுற்றுவெட்டோடு நடுவயிற்றைத் திறக்காமலே முடியும் என்றால் கோவைக்காரர் வழிதான். திறந்தே ஆகணும் என்றால் ஒரே முறையில் முடிக்கப் பாருங்க. உள்ளே மலம் சிந்தாத வரைக்கும் ரெக்டஸ் பின்னால் பாலிப்ரோப்பிலீனும் தப்பில்லை. சிந்தினால் கரையும் மெஷ், அதுவும் ஃபேஸியா நடுவில் சேர்ந்தால் மட்டும்.

கரையும் மெஷ் போட்டீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: மூணாவது நாலாவது வாரத்தில் ஸ்கேனில் மெஷ்ஷைச் சுற்றி நீர் தெரியலாம். காய்ச்சல் இல்லை, தோல் சிவப்பில்லை, நீர் கூடவில்லை என்றால் ஊசி குத்தி நீரை உறிஞ்சாதீங்க. கிருமியில்லாத நீரில் கிருமியை விடுவது பெரும்பாலும் அந்த ஊசிதான்.

கோபி_பச்சைக்கோட்டு:

சுற்றுவெட்டிலேயே மூட முடியும்னு தோணுதுங்க. ஸ்டோமா மட்டும் முதலில், அதுவும் சர்க்கரை இறங்கின பிறகு. ரெப்கிட்ட மூணு வருஷ முடிவு கேட்டாச்சு, "அனுப்புறேன் சார்"னு சொல்லியிருக்காரு.