இழை: ‘டெக் ட்ரீ’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘டாக்டர் ஸ்டோன்’ என்ற மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை) சல்பா மருந்து வரும் பகுதியை நேற்றிரவு படித்து முடித்தேன். தெரியாதவர்களுக்காக: இனாகாகி ரீச்சிரோ எழுத, போயிச்சி வரைந்தது, ஜப்பானிய வார இதழ் ஒன்றில் 2017 முதல் 2022 வரை தொடராக வந்தது. மனித இனம் முழுவதும் கல்லாகிப் போகிறது. சுமார் 3,700 ஆண்டுகள் கழித்து ஒரு மாணவன் விழித்தெழுகிறான். கையில் ஒன்றும் இல்லை, தலையில் வேதியியல் இருக்கிறது. நிமோனியாவில் கிடக்கும் ஒரு பெண்ணுக்காக, கண்ணாடிக் குப்பிகூட இல்லாத ஊரில் பாக்டீரியாவை அடக்கும் மருந்தைச் செய்யக் கிளம்புகிறான்.

சண்டைப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன். என்னை உட்கார வைத்தது ஒரு வரைபடம். மருந்துக்கு என்ன வேண்டும், அதற்கு முன்னால் என்ன வேண்டும், அதற்கும் முன்னால் என்ன என்று அம்புக்குறிகள் போய்க்கொண்டே இருக்கின்றன: இரும்பு, மின்சாரம், கண்ணாடி, எரிசோடா, கந்தக அமிலம். கணினி விளையாட்டுக்காரர்கள் இதை ‘டெக் ட்ரீ’ என்பார்கள். ‘தொழில்நுட்ப மரம்’ என்று சொல்லிப் பார்த்தேன். வேம்பா, தேக்கா என்று கேட்கத் தோன்றுகிறது. ‘சாலை வரைபடம்’ அதைவிட மோசம்.

என் பரிந்துரை ‘ஆற்றுப்படை’. ஆறு என்றால் வழி. பரிசு பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொன்னதைப் போல, செய்து பார்த்த தலைமுறை செய்யாத தலைமுறைக்குச் சொல்வது. என்ன நினைக்கிறீர்கள்?

மடல் 2

நண்பரே, அழகான சொல்தான். ஆனால் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. இலங்கையில் மனம் நொந்தவர்களுக்கு உளவளத் துணை தருவதை ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறோம். அமிலம் காய்ச்சும் படத்துக்கும் அதையே வைத்தால் இரு தரப்புக்கும் ஆறுதல் கிடைக்காது.

மடல் 3

புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கட்சி. வேதியியலில் இந்தச் சிந்தனைக்கு முறையான பெயர் இருக்கிறது. வேண்டிய மூலக்கூற்றை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு முந்தையது எது, அதற்கும் முந்தையது எது என்று பின்னோக்கி வெட்டிக்கொண்டே போவது. இதை ஒழுங்கான முறையாக்கிய வேதியியலாளர் இ. ஜே. கோரிக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பில் நான் ‘பின்னோக்குத் தொகுப்பு’ என்றே சொல்லிவந்தேன். சல்பா மருந்துகளில் ஒன்றான சல்ஃபனிலமைடு வேண்டுமென்றால் அசிட்டனிலைடு, அதன்மேல் குளோரோசல்ஃபோனிக் அமிலம், பிறகு அம்மோனியா, கடைசியில் நீராற்பகுப்பு. இதைத் தலைகீழாகப் படித்தால் முடிந்தது.

‘மரம்’ தவறு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் ஹைட்ரஜனும் எரிசோடாவும். பிரிந்து போனவை பின்னால் ஒரே மருந்துக்காக மறுபடி சந்திக்கின்றன. கிளைகள் இப்படிச் சேருவதில்லை.

(தொடர்பில்லாத ஒரு செய்தி. சல்ஃபனிலமைடு முதன்முதலில் 1908இலேயே தயாராகிவிட்டது. அது மருந்து என்பது தெரிய 1935 ஆயிற்று. இருபத்தேழு ஆண்டுகள் குப்பிக்குள் சும்மா இருந்திருக்கிறது. மாங்காவைவிட இதுதான் எனக்கு வலித்தது.)

மடல் 4

கிளைகள் சேருவதில்லையா? ஐயா ஆலமரம் பார்த்ததில்லை போலும்.

விளையாட்டை விடுவோம். பின்னோக்குத் தொகுப்பில் கண்ணாடி எங்கே வருகிறது? மருந்தின் மூலக்கூற்றில் கண்ணாடி இல்லை. மின்னாக்கியும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் பாதிப் பாடு அவற்றைச் செய்வதற்குத்தான். உங்கள் சொல் பாதிப் படத்தை வெட்டி எறிந்துவிடுகிறது.

மடல் 5

மடல் 4 எழுதியவருக்கு நன்றி. பகல் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. பானைக்கு மண் முதற்காரணம். தண்டமும் (சக்கரத்தைச் சுழற்றும் கோல்) சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். சைவ சித்தாந்த வகுப்பில் தூங்கி வழிந்தவர்களுக்கும் இந்தப் பானை நினைவிருக்கும். அசிட்டனிலைடும் அம்மோனியாவும் மருந்துக்குள் போகின்றன: முதற்காரணம். கண்ணாடிக் குடுவை உள்ளே போவதில்லை, ஆனால் அது இல்லாமல் கந்தக அமிலத்தை வைக்க இடமில்லை: துணைக்காரணம். ஆசிரியர் ஐயாவின் பின்னோக்குத் தொகுப்பு முதற்காரணங்களை மட்டும் தேடிப் போகிறது. இந்த வரைபடம் இரண்டையும் தேடுகிறது.

ஆகவே ஆற்றுப்படையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ‘காரணக்கொடி’ என்று முன்மொழிகிறேன். மரம் ஓரிடத்தில் நிற்கும். கொடி படரும், பிரியும், இன்னொரு கொடியோடு பின்னிக்கொள்ளும். பொருள் உள்ளே போகும் அம்பு ‘முதற்கொடி’, முழுக்கோடு. கருவியாக மட்டும் உதவும் அம்பு ‘துணைக்கொடி’, புள்ளிக்கோடு. வினையூக்கிக்கும் புள்ளிக்கோடுதான், வந்த மாதிரியே திரும்பிவிடுவதால்.

மடல் 6

‘காரணக்கொடி’க்கு என் ஆதரவு, ஒரு தயக்கத்தோடு. நோய் ஏன் வந்தது, விபத்து ஏன் நடந்தது என்று வரையும் படங்களுக்கும் இதே பெயரை யாராவது வைத்துவிடுவார்கள். ‘ஆக்கக்காரணக்கொடி’ என்றால் குழப்பம் வராது, ஆனால் மூச்சு வாங்குகிறது.

மடல் 7

நீளமான வடிவம் அகராதிக்கு, குட்டை வடிவம் பேச்சுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். என் கட்சியைக் கலைத்துவிட்டேன். பின்னோக்குத் தொகுப்பு வேதியியலுக்குள்ளேயே இருக்கட்டும்.

மடல் 8

மாங்காவின் படத்தைக் காரணக்கொடியாக வரைந்து பார்த்தேன். எதிர்பார்த்தபடியே புள்ளிக்கோடுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிலிருந்துதான் கிளம்புகின்றன. ஓரிடத்தில் மட்டும் பென்சில் நின்றுவிட்டது.

கந்தக அமிலம் எடுக்கப் போகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சூழ்ந்திருக்கிறது. வெள்ளி முனை வைத்த ஈட்டியை முன்னே நீட்டிக்கொண்டு நடக்கிறார்கள். வாயு பட்டால் வெள்ளி கறுத்துவிடும், உடனே பின்வாங்க வேண்டும். அந்த வெள்ளி மருந்துக்குள் போகவில்லை, அமிலத்தைக் காய்ச்சவும் இல்லை. குயவன் சாகாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை எந்தக் கோட்டில் சேர்ப்பது?