சென்னைக்கு மூன்று நாள் கல்விச் சுற்றுலா: எதை வைப்பது, எதை விடுவது?

நீடாமங்கலம் டீச்சர்:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைச் சென்னைக்குக் கூட்டிப்போகத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நாலு காசு புழங்கும் நேரம் என்று பிப்ரவரியில் வைத்திருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் தஞ்சாவூரைத் தாண்டியதில்லை.

வியாழன் இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சுற்றலாம் என்று எண்ணம். பட்டியல்: எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டை, மெரினா, கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம், கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர், மாமல்லபுரம், மெட்ரோ, ஒரு மால். கடைசி இரண்டும் பிள்ளைகளே கேட்டவை. இத்தனையும் முடியுமா? எங்கே தங்குவது? பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஆசிரியைகள் நானும் இன்னொருவரும்தான்.

சீர்காழி வாத்தியார்:
டீச்சர், முதலில் நாளை மாற்றுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அப்படித்தான். புதன் இரவே ஏறிவிடுங்கள். வியாழன், வெள்ளி, சனி சுற்றிவிட்டுச் சனி இரவு ரயில் ஏறினால், ஞாயிறு முழுக்க வீட்டில் தூங்கித் தெளிந்து திங்கள் பள்ளிக்கு வருவார்கள்.

அப்புறம், பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். நான் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இத்தனை இடம் வைத்தால் எந்தப் பிள்ளையும் எங்கேயும் பத்து நிமிஷம் நிற்க முடியாது. நம் ஊர்ப் பக்கத்தோடு தொடர்புள்ள இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

எழும்பூர் வெண்கலச் சிலைகளுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கேதான் இருக்கிறார். பிள்ளைகளை ஐந்தைந்து பேராக முன்னால் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று. பிறகு ஆடையைப் பார்க்கச் சொல்லுங்கள். வலது தொடையில் குட்டையாக நிற்கும், இடது காலில் நீண்டு இறங்கும். இடப்பக்க இடுப்பு மட்டும் வளைந்து ஒதுங்கியிருக்கும். ஓர் உருவத்தில் இரண்டு உடலைச் சிற்பி எப்படிப் பொருத்தினான் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அதே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். கை காளைமேல் ஊன்றிய நிலையில் இருக்கும், காளை மட்டும் இல்லை. முடிந்தால் சென்னைக்குப் போகுமுன் ஒரு சனிக்கிழமை அதைக் காட்டிவிடுங்கள். எழும்பூரில் பிள்ளைகளின் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் விடாதீர்கள். ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பிய ஊர் அது. 1856 தொடங்கி அந்த மண்ணுக்குள்ளிருந்து 300க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புச் சிலைகள் வெளிவந்தன. நாகையில் மாமா வீடு உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளையை முன்னால் நிற்க வையுங்கள்.

வண்டலூரை எடுத்துவிட்டுப் பரங்கிமலையைச் சேருங்கள். 1802இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் அதன் அருகில் அடிக்கோடு, அதாவது முதல் முக்கோணத்தின் ஒரு பக்கம், அளந்து தொடங்கியதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை. 1808இல் அதே அளவைக்காகத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்டனே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் இருக்கிறதே, கணக்கு ஆசிரியரையும் கூட்டிப்போங்கள்.

மெட்ரோவும் அதிலேயே முடிந்துவிடும். எழும்பூரில் நிலத்தடியில் ஏறினால் கோயம்பேடு வருவதற்குள் ரயில் வெளிச்சத்துக்கு வந்து பாலத்தில் ஓடும். அதே ரயிலில் பரங்கிமலையில் இறங்கலாம்.

எழும்பூரில் இருக்கும் பூண்டிக்காரன்:
சார் சொல்வது சரி. வெள்ளிக்கிழமைக்குக் கோட்டூர்புரம் வையுங்கள். கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பக்கம் பக்கம்தான், ஒரே பயணத்தில் முடியும். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி நேரத்தை முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் முதல் தளம் பிள்ளைகளுக்கானது. தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது, அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

தங்க கல்யாண மண்டபம் பார்ப்பீர்கள் என்றால், தை, மாசி முகூர்த்த நாள்களைக் காலண்டரில் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பள்ளி விடுதி கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் யாராவது ஒருவர் முன்கூட்டி வந்து கழிப்பறைக் கதவுகளில் உள் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள் டீச்சர், நானும் என் மனைவியும் போய்ப் பார்த்துச் சொல்கிறோம்.

ஒன்பதாவது படிக்கும் பையனின் அம்மா:
ஒன்று சொல்லிக்கொள்கிறேன் டீச்சர். நம் பிள்ளைகள் வெண்ணாற்றிலும் கோரையாற்றிலும் குதித்து வளர்ந்தவர்கள், நீச்சல் தெரியும் என்ற தைரியம் அதிகம். மெரினாவில் நாலடி உள்ளே போனாலே ஆழம், அலை காலை இழுக்கும். மணலோடு நிறுத்துங்கள். போகும் முன்பே பெற்றோர் கூட்டத்தில் எங்களிடமும் சொல்லிவிடுங்கள், நாங்களும் வீட்டில் கண்டித்து அனுப்புவோம்.

நீடாமங்கலம் டீச்சர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை விடுமுறை தெரியாமல் போயிருந்தால் வாசலில் நின்று திரும்பியிருப்போம். மாலுக்குப் போவதை விட்டுவிட்டேன், பிள்ளைகளைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. மூன்று பிள்ளைகளின் வீட்டில் பணம் கட்டவே முடியாது. டிக்கெட்டில் ஏதாவது சலுகை உண்டா?

சீர்காழி வாத்தியார்:
உண்டு. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் அடிப்படைக் கட்டணத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. கிராமப்புற அரசுப் பள்ளி என்றால் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். பகலில் உட்கார்ந்து போகச் சம்மதம் என்றால் அது உங்களுக்குப் பொருந்தும். தலைமையாசிரியர் கடிதத்தோடு ஸ்டேஷனில் சலுகைப் படிவம் கேளுங்கள். ஒரு முன்பதிவுப் படிவத்தில் 6 பேர்தான் எழுத முடியும், அதனால் மொத்தமாகப் பதிவு செய்ய அனுமதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பிப்ரவரிப் பயணத்துக்கு டிசம்பரிலேயே கவுன்டரில் நிற்க வேண்டும்.

அந்த மூன்று பிள்ளைகளின் மீதிச் செலவு என்ன ஆகும் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம்.