பெரியாறு காட்டில் பட்டை உரித்தவர்களோடு ஒரு நடைப்பயணம்

குமுளியிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் சென்ற ‘டைகர் டிரெயில்’ நடைப்பயணத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர்களுள் மூத்தவர், அதே காட்டில் முன்பு வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர். இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த அந்த மரத்தைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரமே பட்டுப்போகும் என்பதை விளக்கியபடியே, உயிர்பிழைத்து நிற்கும் ஒரு மரத்தின் பழைய தழும்பைத் தடவிக் காட்டினார். ஓரங்கள் தடித்து உள்நோக்கிச் சுருண்டிருந்தன. இலையொன்றைக் கசக்கி முகரவும் தந்தார்.

1990களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வழக்கும் தலைமறைவுமாக வாழ்ந்த அவரைப் போன்ற இருபதுக்கும் மேற்பட்டோரை வனத்துறை ஒரு குழுவாக அமைத்தது. கடத்தல்காரர்களின் ஒற்றையடிப் பாதைகளும், பட்டையைப் பதுக்கும் இடங்களும் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு இன்று ரோந்துக்கும் பயணிகளை அழைத்துச் செல்வதற்கும் பயன்படுகிறது. பயணிகள் தரும் கட்டணத்தின் ஒரு பகுதி உறுப்பினர்களின் ஊதியமாகவும், மற்றொரு பகுதி சமூக மேம்பாட்டு நிதியாகவும் போகிறது. தனியாள் கைக்குப் போகாமல் குழுவின் வழியாகப் பணம் செல்வதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூங்கில் புதரருகே அவர் சட்டென்று கையை உயர்த்தி, “இங்கேயே நில்லுங்க சார், ஆனை இருக்கு” என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. சற்று நேரத்துக்குப் பின்னரே மூங்கில் முறியும் ஓசை கேட்டது. காற்று யானைகளின் பக்கமிருந்து எங்களை நோக்கி வீசியதால் அங்கேயே காத்திருந்து, மந்தை கடந்த பிறகு நடந்தோம்.

இதே காப்பகத்தில் 2002 முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் ஊதியம் எதுவும் பெறாமல் முறைவைத்துக் காட்டைச் சுற்றிவருகிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். படகுச் சவாரியோடு திரும்பிவிடும் நம்மில் பலருக்கு இவர்களைப் பற்றித் தெரிவதே இல்லை.

ஒரு பயணத்துக்கு மிகச் சிலரையே அனுமதிப்பதால் குழுவின் வருமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனாலும் கூட்டத்தைக் கூட்டினால் விலங்குகள் விலகிப்போகும் என்பதால், அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து. செல்ல விரும்புவோர் இடைத்தரகர்களைத் தவிர்த்து, தேக்கடியிலுள்ள வனத்துறையின் சூழல் சுற்றுலா அலுவலகத்திலேயே முன்பதிவு செய்யுங்கள்.