இணக்கியா, இணக்க அடுக்கா, வேற ஏதாவதா?

எல்லாருக்கும் வணக்கம்.

மொபைல் ஆப்பை லினக்ஸ் கணினில ஓட்ட உதவுற கம்பாட்டிபிலிட்டி லேயருக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்ங்கிற பேச்சுல இதுவரைக்கும் இணக்க அடுக்கு, பொருந்துகை அடுக்கு, ஒத்தியங்கு தளம், இயைபடுக்குன்னு நாலு வந்திருக்கு. பட்டியல்ல வச்சுப் பாத்தா நாலுமே நல்லாத்தான் இருக்கு. பட்டியல்ல எந்தச் சொல்லுமே அழகாத்தான் தெரியும், அதைப் போட்டு ஒரு கையேடு எழுத உக்காந்தாத்தான் எது நிக்கும் எது சாயும்னு புரியும். அதனால என் பரிந்துரையைச் சொல்றதுக்கு முன்னாடி, நாம எதுக்குப் பேர் வைக்கிறோம்னு ஒருதரம் பாத்துடலாம், ஏன்னா இந்தப் பேச்சுல மூணு நாலு வேற வேற சங்கதி ஒண்ணாக் கலந்து கிடக்குன்னு எனக்குப் படுது.

ஆண்ட்ராய்டுக்கு அடியில இருக்கறதும் லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியா ஆளுற மையப் பகுதிதான். அப்புறம் ஏன் ஒரு ஏபிகே ஃபைலை, அதாவது ஆண்ட்ராய்டு ஆப் வர்ற பொதியை, டபுள் கிளிக் பண்ணினா ஓட மாட்டேங்குதுன்னா, கெர்னலுக்கு மேல இருக்கறது எல்லாமே வேற. ஆப்புகள் அடிப்படை வேலைகளுக்கு நம்புற சி லைப்ரரி நம்ம கணினில ஜிலிப்சி, அங்க பயோனிக். ஆப்போட பைட்கோடை (பிராசஸருக்கு நேராப் புரியாத இடைநிலைக் குறியீடு) ஓட்ட அங்க ஏஆர்டிங்கிற இயக்கச் சூழல் இருக்கு, இங்க இல்லை. ஆப் வெளியில இருக்குற சேவைகள்கிட்ட எதையாவது கேக்கணும்னா பைண்டர் வழியாத்தான் கேக்கும், அந்த பைண்டர் 2015-லயே 3.19 கெர்னலோட முக்கிய மூலநிரல் மரத்துக்கு வந்தாச்சு, ஆனாலும் பல டிஸ்ட்ரோவோட, அதாவது லினக்ஸ் வெளியீட்டோட கெர்னல்ல அதை ஆன் பண்ணாமலே விட்டிருப்பாங்க. திரையில படம் வரையுற முறையும் வேற.

இந்த இடைவெளியை அடைக்கிற மென்பொருள்கள்ல ஒண்ணான வேட்ராய்டு என்ன பண்ணுதுன்னா, லினேஜ்ஓஎஸ்ங்கிற ஆண்ட்ராய்டு வடிவத்தை அடிப்படையா வச்ச ஒரு முழு ஆண்ட்ராய்டு இமேஜை எடுத்து எல்எக்ஸ்சி கொள்கலனுக்குள்ள (மத்ததுலேருந்து தனியாப் பிரிச்சு வச்ச இயங்கிடம்) வச்சு நம்ம கெர்னல் மேலயே ஓட்டுது, படத்தை வேலண்டுங்கிற லினக்ஸ் திரை நெறிமுறை வழியா நம்ம திரைக்கு அனுப்புது. 2017-ல வந்த ஆன்பாக்ஸும் இதே வழியில தொடங்கினதுதான், 2021-ல வேட்ராய்டு வந்தப்புறம் அந்த வேலை மெல்ல நின்னுபோச்சு. இங்க கவனிக்க வேண்டியது, உள்ள ஓடுறது நிஜ ஆண்ட்ராய்டு. ஆப் கேக்குற எதையும் யாரும் மாத்திச் சொல்றதில்லை, அது ஆண்ட்ராய்டுகிட்டயே கேட்டு ஆண்ட்ராய்டுகிட்டயே பதில் வாங்கிக்குது.

ஆண்ட்ராய்டு டிரான்ஸ்லேஷன் லேயர்ங்கிற இன்னொரு மென்பொருள் அப்படியில்ல. அங்க கொள்கலனும் கிடையாது முழு ஆண்ட்ராய்டும் கிடையாது. ஆப் எதிர்பாக்குற ஜாவா வகுப்புகளை இவங்களே திரும்ப எழுதி, ஆப் ஒரு பட்டன் கேட்டா உள்ள லினக்ஸ்ல பட்டன், மெனு வரையுற ஜிடிகே4 லைப்ரரியோட பட்டனை எடுத்து நீட்டுறாங்க. யூடியூப் பாக்க உதவுற நியூபைப் ஆப் அந்த வழியில லினக்ஸ்ல ஓடுறதைப் பாத்திருப்பீங்க. வைன் விண்டோஸ் ஆப்புக்குச் செய்யுறதும் இதேதான். 1993-ல ஆரம்பிச்ச வைன் 1.0 பதிப்பைத் தொட 2008 ஆச்சு, இன்னொரு இயங்குதளம் என்னென்ன கேட்டா என்னென்ன பதில் சொல்லும்ங்கிறதை ஒண்ணு விடாம திரும்ப எழுதுறது எவ்வளவு பெரிய வேலைன்னு அதுலயே தெரியும். தான் எமுலேட்டர் (இன்னொரு கணினி மாதிரியே நடிக்கிற மென்பொருள்) இல்லைன்னு தன் பேருலயே சொல்லிக்கிற மென்பொருள் அது, ஆனா தமிழ்ல எழுதுறப்போ நாம எல்லாத்தையும் எமுலேட்டர்னுதான் எழுதிட்டு இருக்கோம்.

மூணாவது, கட்டளையையே மாத்துறது. ஏபிகேக்குள்ள ஆர்முக்குன்னு (பெரும்பாலான போன்ல இருக்குற பிராசஸர் வகை) கட்டின நேட்டிவ் லைப்ரரி இருந்தா எக்ஸ்86 கணினில (பெரும்பாலான பிசில இருக்குற பிராசஸர் வகை) அது அப்படியே ஓடாது. லிப்ஹூடினி மாதிரி ஒண்ணு நடுவுல நின்னு ஆர்ம் கட்டளைகளை எக்ஸ்86 கட்டளைகளா மாத்திக் குடுக்கணும். பாக்ஸ்64, எஃப்இஎக்ஸ் ரெண்டும் எதிர்த் திசையில, எக்ஸ்86 ஆப்பை ஆர்ம் கணினில ஓட்டுது.

இப்ப இந்தச் சங்கதியை நம்ம சொற்களை வச்சு எழுதிப் பாருங்க. "ஆர்ம் செயலிக்காகக் கட்டப்பட்ட செயலி, எக்ஸ்86 செயலி உள்ள கணினியில் இயங்காது." மூணு செயலி! முதலும் மூணாவதும் பிராசஸர், நடுவுல இருக்குறது ஆப். ஆப்புக்குச் செயலின்னு மக்கள் வாயில நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு, அதை இனிமே யாரும் அசைக்க முடியாது, அசைக்கவும் கூடாது. பிராசஸருக்கும் செயலின்னு எழுதுற வழக்கம் பாடப் புத்தகப் பக்கம் இருக்கு. மத்த எந்தக் கட்டுரையிலயும் இது பெரிய தொந்தரவு இல்லை, ஆப்பைப் பத்திப் பேசுறவங்க பிராசஸரைப் பத்திப் பேச மாட்டாங்க. நம்ம விஷயத்துலதான் ரெண்டும் ஒரே வாக்கியத்துல வந்து மோதுது. அதனால இந்தத் துறையில பிராசஸருக்கு நுண்செயலின்னு மட்டும் எழுதணும்னு என் கருத்து. புதுசா எதுவும் வேண்டாம், ஏற்கனவே எல்லாரும் படிச்ச சொல்.

இதுலேருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைச்சுது. ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள் இருக்கறது தப்பில்லை, தமிழ்ல பாதிச் சொல் அப்படித்தான். அந்த ரெண்டு பொருளும் ஒரே வாக்கியத்துல, ஒரே திரையில எதிரெதிரா வருமாங்கிறதுதான் கேள்வி.

அந்த அளவுகோலை ஏபிஐ காலுக்கு, அதாவது ஆப் இயங்குதளத்துக்கிட்ட ஒரு வேலையைக் கேக்குறதுக்குப் போட்டா, "அழைப்பு" விழுந்துடுது. "செயலியின் அழைப்பை ஏற்று லினக்ஸ் அழைப்பாக மாற்றும்"னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க, டெஸ்க்டாப் மென்பொருளைப் பத்தின கட்டுரைன்னா சரியான வாக்கியம் அது, ஆனா பேச்சு மொபைல் ஆப்பைப் பத்தி. படிக்கிறவர் நிச்சயமா போன் கால்னுதான் எடுத்துக்குவார், வாட்ஸப்ல வர்ற காலை லினக்ஸ்ல எடுக்கலாம் போலன்னு நினைச்சுக்குவார். ஏவல்னு ஒரு யோசனை வந்துச்சு, இலக்கணப்படி ரொம்ப நல்ல சொல், ஆனா பேச்சு வழக்குல அது பில்லி சூனியத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு, பிரிச்சு எடுக்க முடியாது. கோரிக்கைங்கிறதை வலைப் பக்கம் ஏற்கனவே பழகியிருக்கோம், அதைச் சுருக்கி கோரல்னு வச்சா வைன் செய்யுறதை "கோரல்பெயர்ப்பு"ன்னும், லிப்ஹூடினி செய்யுறதை "கட்டளைபெயர்ப்பு"ன்னும் சொல்லிடலாம். மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்புன்னு பழகின வாய்க்கு இது ரெண்டும் புதுசாவே இருக்காது.

சரி, தலைப்புச் சொல்லுக்கு வர்றேன்.

இணக்கம்ங்கிறது ஒரு நிலை. "இந்தச் செயலி உங்கள் சாதனத்துடன் இணக்கமாக இல்லை"ங்கிற செய்தியை எல்லாரும் பாத்திருக்கோம், அங்க அது சரியா உக்காந்திருக்கு. ஆனா நாம பேர் வைக்கிறது அந்த நிலைக்கு இல்லை, இல்லாத இணக்கத்தை உண்டாக்குற மென்பொருளுக்கு. ஆப்பும் இணங்காது, லினக்ஸும் இணங்காது, ரெண்டுல ஒண்ணையும் மாத்தாம நடுவுல நின்னு இணங்க வைக்கிறது இது. தமிழ்ல இதுக்குன்னே ஒரு வழி இருக்கு. இறங்கு – இறக்கு, அடங்கு – அடக்கு, முடங்கு – முடக்கு, இயங்கு – இயக்கு. தானா நடக்குறது முதல் சொல், நடத்தி வைக்கிறது ரெண்டாவது. இயக்குலேருந்து இயக்கி வந்து டிரைவருக்கு நின்னுபோச்சு, இன்னைக்கு யாரும் அதை விளக்கிச் சொல்றதில்லை. அதே மாதிரி இணங்கு, இணக்கு, இணக்கி. உலாவி, செயலி, வழங்கி, இயக்கி இவங்களோட வரிசையில அப்படியே போய் உக்காந்துக்கும். நாலே எழுத்து, பட்டன்லயும் அடங்கும் பிழைச் செய்திலயும் அடங்கும். "இணக்கி தொடங்கவில்லை." "இணக்கி வழியாகத் திற." "இந்த இணக்கியில் கேமரா வேலை செய்யாது." எங்கயும் நாக்கு தடுக்கலை.

அடுக்குங்கிற சொல் போயிடுதேன்னு கேப்பீங்க. போகட்டும். ஆப்பைத் தொடங்குறவருக்கு அங்க அடுக்கு எதுவும் தெரியுறதில்லை, வேட்ராய்டுல ஒரு ஆப்பைப் போட்டா அது மத்த லினக்ஸ் ஆப்புகளோட மெனுவுலயே வந்து நிக்குது. கட்டமைப்பு வரைபடம் போடுற இடத்துல வேணும்னா இணக்கி அடுக்குன்னு சேத்து எழுதிக்கலாம். இயைபடுக்குன்னு சொன்ன ஐயாவுக்கு ஒரு வார்த்தை: இயைபு எனக்கும் பிடிச்ச சொல்தான், ஆனா பள்ளிக்கூடத்துல மோனை எதுகைக்கு அடுத்து படிச்ச தொடையாத்தான் அது எல்லார் மனசுலயும் இருக்கு, அதுலேருந்து செய்யுறவரைக் குறிக்கிற சொல் எடுக்குறதும் கஷ்டம்.

மோடத்துக்கு இணக்கின்னு சிலர் எழுதியிருக்காங்களேங்கிறதும் வரும். உண்மைதான். என் அளவுகோலையே போட்டுப் பாருங்க, மோடமும் வைனும் ஒரே வாக்கியத்துல எப்ப வரும்? பேச்சுலயும் கடையிலயும் எல்லாரும் மோடம்னேதான் சொல்றாங்க. அதனால இதுல குழப்பம் வர வழியில்லைன்னு நான் உறுதியா நம்புறேன்.

எதை இணக்கின்னு சொல்லக் கூடாதுன்னும் முடிவு பண்ணணும். வைன், ஆண்ட்ராய்டு டிரான்ஸ்லேஷன் லேயர் ரெண்டும் சந்தேகமில்லாம இணக்கி. வேட்ராய்டு, உள்ளுக்குள்ள கொள்கலன், பயன்ல இணக்கி, ஆகவே "கொள்கலன்வழி இணக்கி". ஆனா மைக்ரோசாஃப்ட் 2021-ல கொண்டுவந்து 2025 மார்ச்சோட நிறுத்தின விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் ஆண்ட்ராய்டு முழு மெய்நிகர் கணினிக்குள்ள ஓடினது, தனிக் கெர்னலோட. அதையும் இணக்கின்னா சொல் நீர்த்துப்போயிடும். அதை மெய்நிகர் கணினின்னே எழுதுவோம். எமுலேட்டருக்கு நல்ல தமிழ் வேணும், முன்மாதிரிங்கிறது சரியே இல்லை, அது தனி இழையில பேச வேண்டிய அளவுக்குப் பெரிசு.

இன்னொரு இடம் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. வேட்ராய்டுல ஸ்டேட்டஸ் கேட்டா செஷன் ரன்னிங், கன்டெய்னர் ஃப்ரோசன்னு அடுத்தடுத்த வரியில வரும். இதை "அமர்வு: இயங்குகிறது, கொள்கலன்: உறைந்தது"ன்னு போட்டா படிக்கிறவர் ஹேங் ஆயிடுச்சுன்னு ரீஸ்டார்ட் பண்ணிடுவார். ஏன்னா தமிழ்ல கணினி உறைஞ்சுபோச்சுன்னாலே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உண்மையில அங்க நடக்குறது, திரையில ஆப் எதுவும் இல்லாதப்போ பேட்டரியும் சிபியுவும் வீணாகாம கொள்கலனை அப்படியே நிறுத்தி வைக்கிறது, திரும்ப ஆப்பைத் தொட்டா விட்ட இடத்துலேருந்து ஓடும். அதனால அங்க "ஓய்வில்"னு போடலாம்னு நினைக்கிறேன். நேரடி மொழிபெயர்ப்பு இல்லைதான், ஆனா பயனர் செய்ய வேண்டியது ஒண்ணும் இல்லைங்கிறதை அது சரியாச் சொல்லுது.

பேங்க் ஆப்புகள் பல பிளே இன்டெக்ரிட்டிங்கிற கூகுளோட சாதன நம்பகத்தன்மைச் சோதனையில தோத்து ஓடவே மறுக்கும், அந்தச் செய்திக்கும் "இணக்கமில்லை"ன்னு போடாம "இந்தச் சூழலைச் செயலி ஏற்கவில்லை"ன்னு போடணும். அங்க இணக்கி தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு, மறுக்குறது ஆப்.

இணக்கி, கோரல்பெயர்ப்பு, கட்டளைபெயர்ப்பு, நுண்செயலி, ஓய்வில். இந்த அஞ்சையும் வச்சு நிறுவல் கையேட்டோட முதல் அத்தியாயத்தை எழுதிட்டு இருக்கேன். எந்த வாக்கியத்துலயாவது இணக்கி தடுமாறுற மாதிரி உங்களுக்குத் தோணுச்சுன்னா அந்த வாக்கியத்தையே முழுசா எழுதி அனுப்புங்க, சொல்லை மட்டும் தனியா வச்சுப் பேச வேண்டாம். கோரல்பெயர்ப்புல நடுவுல இடைவெளி விடலாமா கூடாதாங்கிறதுல எனக்கு இன்னும் முடிவு வரலை, இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.