போர்டைக் கழற்றியபோது தெரிந்த கடை

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் கீழ்க்கடை என்னுடையது. நோட்டு, பேனா வியாபாரம். போன ஐப்பசி மழைக்காற்றில் முகப்பு போர்டு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஆள் வைத்துக் கழற்றினால் பின்னால் இன்னொரு போர்டு, எப்போதோ இருந்த பாத்திரக்கடையுடையது. அதையும் எடுத்தோம். உள்ளே சுதை வேலை, சுண்ணாம்புச் சாந்தில் செய்த சிற்பம்! நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. தாமரை இதழின் ஓரத்தில் நீலம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே குடும்பத்தின் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், அடுத்து கட்டிய வருஷம். சரியாக அந்த இடத்தில்தான் யாரோ துளை போட்டு ஆங்கிள் அடித்திருக்கிறார்கள். முதல் இரண்டு எண், 19, மட்டும்தான் மிச்சம். வயிறு எரிந்தது.

கட்டடத்துக்குச் சொந்தக்கார ஆச்சியிடம் போய்க் கேட்டேன். "வீடு ஐயா கட்டினது. கடை எங்க அப்பச்சி ரங்கூன்ல சம்பாதிச்சுக் கட்டினது தம்பி" என்றார். ஐயா என்றால் தாத்தா, அப்பச்சி என்றால் அப்பா. வருஷம் அவருக்கும் நினைவில்லை.

அந்தக் காலத்தில் பர்மாவின் ரங்கூன் நமக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியே 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில்தான் தொடங்கியது. ஆனால் அதற்குள் அங்கே நிலைமை மாறிவிட்டிருந்தது. 1930-க்கு அப்புறம் நெல் விலை படுத்துவிட்டது. நம் செட்டியார்களிடம் கடன் வாங்கிய அங்கத்து விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை. ரொக்கம் வரவேண்டிய இடத்தில் வயல் வந்தது. தெற்கு பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நிலம், 1937 வாக்கில் 25 சதவீதமாகிவிட்டது. வயலைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர முடியுமா? 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள். எல்லாம் போயிற்று.

இங்கேதான் ஆச்சி சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பர்மாவிலிருந்து வரவு நின்றபிறகு அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தக் கடை வாடகையில்தானாம். முதலில் ஜவுளி, அப்புறம் பலசரக்கு, அப்புறம் எவர்சில்வர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வாடகை மட்டும் நின்றதில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக் கல்லையும் போட்டோ எடுக்கிறார்களே, அந்த வீட்டுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது இந்தக் கடை. இதை ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசித் தருகிறேன் என்றார் கொத்தனார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இது சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். பழைய வீடுகளில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் சுண்ணாம்பும் மணலும் அரைத்துப் பூசிக் கொடுத்தார். என் போர்டு இப்போது சின்னதாக ஷட்டரை ஒட்டி, சுதையை மறைக்காமல் இருக்கிறது.

இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை போர்டு மாற்றும்போது, துளை போடுவதற்கு முன்னால் ஓர் ஆளை ஏணியில் ஏற்றிப் பின்னால் பாருங்கள். வருஷம் முழுசாக இருந்தால் போட்டோ அனுப்புங்கள். வரிசையில் பக்கத்துக் கட்டடங்களும் இதே கைவேலை மாதிரித் தெரிகின்றன. அதை வைத்தாவது இந்தக் கடை எப்போது எழும்பியது என்று ஆச்சிக்குச் சொல்லிவிடலாம்.