பெட்டியைத் திறந்ததும் தரநிலை எங்கே இடறுகிறது? (அனுபவப் பகிர்வு)

கேலிபர்வளையம்

பழம், காய்கறித் தரநிலைகளின் எண்களை ஏற்றுமதியில் இருக்கும் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் சண்டை வருவது பெரும்பாலும் எண்ணில் இல்லை. "லேசான கீறல்", "போதுமான முதிர்ச்சி", "ஏறத்தாழ ஒரே அளவு" போன்ற சொற்களில்தான் வருகிறது. ஒரே பெட்டியை அனுப்புபவர் முதல் வகுப்பு என்பார், இறக்கிப் பார்ப்பவர் இரண்டாம் வகுப்பு என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே தாள்.

ஆப்பிள் தரநிலை நன்றாக எழுதப்பட்டதற்குக் காரணம், "லேசான" என்பதை அது சும்மா விடவில்லை என்பதுதான். முதல் வகுப்பில் நீளவாக்கிலான தோல் குறை 2 செ.மீ. வரை, மற்றக் குறைகள் மொத்தம் 1 சதுர செ.மீ. வரை. ஸ்கேப் நோய்ப் புள்ளி என்றால் 0.25 சதுர செ.மீ.தான். இரண்டாம் வகுப்பில் இவை 4 செ.மீ., 2.5 சதுர செ.மீ., 1 சதுர செ.மீ. என்று தளர்கின்றன. அடிபட்ட இடம் முதல் வகுப்பில் 1 சதுர செ.மீ. வரை இருக்கலாம், ஆனால் நிறம் மாறியிருக்கக் கூடாது. இதில்தான் பலர் ஏமாறுவார்கள். பெட்டி கட்டும்போது நிறம் மாறாத அடி, துறைமுகத்தில் இறங்கும்போது பழுப்பாகியிருக்கும். அப்போது அது இரண்டாம் வகுப்புப் பழம்.

எந்தப் பயிரில் எந்தச் சொல் இடறுகிறது, அதை எப்படி அளப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அளவும் காரணமும் போதும்.

கொத்து

திராட்சை. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் எஃப்எஃப்வி-19 தரநிலையில் விதையில்லா ரகங்களுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ் (சாற்றில் சர்க்கரையின் அளவு). விதையுள்ளவற்றுக்கு 13. அல்ஃபோன்ஸ் லவல்லே, கார்டினல், விக்டோரியா மூன்றுக்கும் மட்டும் 12. நாசிக், சாங்லி பக்கத்துத் தாம்சன் சீட்லெஸ் 14-இல் வரும். அதை ஐரோப்பாவில் வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் இன்னும் கூட்டிக் கேட்பது வழக்கம்.

14 என்ற எண்ணில் யாருக்கும் தகராறு இல்லை. எந்தப் பழத்தின் சாறு என்பதில்தான் தகராறு. ஒரே கொத்தில் தோள் பக்கத்துப் பழம் இனிக்கும், நுனிப் பழம் சர்க்கரையில் பின்தங்கியிருக்கும். தோட்டத்தில் தோளிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி ரிஃப்ராக்டோமீட்டரில் (பிரிக்ஸ் அளக்கும் கருவி) பிழிந்து "பதினாறு வந்துவிட்டது, வெட்டுங்கள்" என்றால், அங்கே இறங்கிய பிறகு 13.5 என்று சீட்டு வரும். கொத்தின் மேல், நடு, நுனி மூன்றிலும் பழம் எடுத்து, சாற்றை ஒன்றாகக் கலந்து பார்க்க வேண்டும். நிழல் பக்கத்துக் கொத்தையும் விடக் கூடாது. கருவியைக் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் தொடங்குவது இன்னொரு தவறு. வெயிலில் சூடான சாற்றை, வெப்பத் திருத்தம் இல்லாத கருவியில் படிப்பது மூன்றாவது. அளவீடு 20 டிகிரி செல்சியஸுக்கானது.

கொத்தின் எடை குறைந்தது 75 கிராம். ஒருவருக்கான சிறு பொட்டலத்துக்கு இந்த விதி கிடையாது.

அடுத்தது கந்தக அட்டை. பூசணத்தைத் தடுக்கப் பெட்டிக்குள் வைக்கும் சல்பர் டையாக்சைடு அட்டை ஈரத்தால்தான் வேலை செய்யும். முன்குளிர்ச்சி சரியாக முடியாமல் லைனரை (பெட்டியின் உள் பிளாஸ்டிக் உறை) மூடினால் உள்ளே வியர்த்து, வாயு மொத்தமாக முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். காம்பு சேரும் இடத்தில் பழம் வெளுக்கும். அதைக் குறை என்றே குறிப்பார்கள். வாயு தீர்ந்துபோன பின்வாரங்களில் சாம்பல் பூசணம் பிடிக்கும். பூஜ்யம் டிகிரியில்கூட மெதுவாக வளரக்கூடியது அது. ஒரே தவறுக்கு முன்னே ஒரு தண்டனை, பின்னே ஒரு தண்டனை.

பதினைந்துபெட்டி

எண் தெரிந்தவர்களும் மாதிரி எடுப்பில் கோட்டை விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சோதனை முறைப்படி லாட்டில் (ஒன்றாகச் சோதிக்கப்படும் சரக்குத் தொகுதி) 100 பெட்டி வரை என்றால் 5 பெட்டி திறக்க வேண்டும். 101 முதல் 300 வரை 7, 301 முதல் 500 வரை 9, 501 முதல் 1,000 வரை 10, அதற்கு மேல் குறைந்தது 15. பெட்டியில்லாமல் கொட்டி வரும் சரக்குக்கு எடைக் கணக்கு: 200 கிலோ வரை 10 கிலோ, 500 வரை 20, 1,000 வரை 30, 5,000 வரை 60, அதற்கு மேல் குறைந்தது 100 கிலோ. ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும் பெரிய பழங்கள் என்றால் குறைந்தது 5 எண்ணிக்கை.

இந்தப் பெட்டிகளைப் பேலட்டின் நடுவிலும் அடியிலும் இருந்து எடுக்க வேண்டும். கதவோரத்துப் பெட்டி ஐந்தைத் திறந்து முடிப்பவர் சரக்கைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்திருக்கிறார்.

இப்போது கணக்கு. 5 கிலோ பெட்டி 1,200 வந்திருக்கிறது, முதல் வகுப்பு என்று எழுதியிருக்கிறது. 15 பெட்டி திறந்தால் 75 கிலோ. முதல் வகுப்பு டாலரன்ஸ் (குறைக்கு விடும் இடம்) 10 சதவீதம், அதாவது 7.5 கிலோ வரை இரண்டாம் வகுப்புத் தரத்தில் இருக்கலாம். ஆனால் அந்த 7.5-க்குள் இரண்டாம் வகுப்பையும் எட்டாதது, அழுகியது எல்லாம் சேர்த்து 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 750 கிராம். மொத்தக் குறை 3 கிலோதான், அதில் அழுகல் 900 கிராம் என்றால் லாட் தோற்றுவிட்டது. மொத்தத்தை மட்டும் பார்த்து "பாதிகூட வரவில்லையே" என்று வாதிடுவதில் பயனில்லை.

முதல் வகுப்புக்கும் மேலான எக்ஸ்ட்ரா வகுப்புக்கு 5 சதவீதம், அதற்குள் 0.5. இரண்டாம் வகுப்புக்கு 10, அழுகல் அதற்குள் 2.

புதுசு

அப்படியானால் முதல் வகுப்பில் நூற்றுக்குப் பத்து மட்டமானதைத் தெரிந்தே போடலாமா சார்?

பதினைந்துபெட்டி

போடலாம் என்று நினைத்துக் கட்டுபவர்கள்தான் மாட்டுகிறார்கள். தரம் பிரிக்கும் கை தவறுவதற்கும் வழியில் பழம் வாடுவதற்கும் விட்ட இடம் அது. பேக்ஹவுஸிலேயே (தரம் பிரித்துப் பெட்டி கட்டும் கூடம்) எட்டு சதவீதத்தை நிரப்பிவிட்டால், மூன்று வாரக் கடல் பயணத்துக்கு மிச்சம் இரண்டுதான். கிளம்பும்போது மூன்று நான்கு சதவீதத்துக்குள் இருந்தால்தான் இறங்கும்போது நிம்மதி.

அனுப்பிய பிறகு புத்துணர்ச்சியும் விறைப்பும் லேசாகக் குறைவதைத் தரநிலையே ஏற்கிறது. எக்ஸ்ட்ரா அல்லாத வகுப்புகளில், அழியும் தன்மையால் வரும் லேசான சிதைவையும் ஏற்கிறது. இருந்தாலும் அந்த நேரத்தில் சரக்கைக் கையில் வைத்திருப்பவர் தரநிலைக்குப் பொருந்தாததை விற்கக் கூடாது. லாட் தோற்றால் எல்லாம் குப்பை என்று பொருள் இல்லை. மறுபடி பிரிக்கலாம், கீழ் வகுப்பாகச் சீட்டு மாற்றலாம், பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்பலாம். செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வைத்தால் நல்லது.

சீப்புக்கணக்கு

வாழையில் அளவு சின்னது, அளக்கிற காய் எது என்பதே பெரிய விஷயம். கோடெக்ஸ் (ஐ.நா. சார்ந்த சர்வதேச உணவுத் தரநிலை அமைப்பு) தரநிலையிலும் ஐரோப்பிய விதியிலும் நீளம் குறைந்தது 14 செ.மீ., தடிமன் 2.7 செ.மீ. முழுச் சீப்பு என்றால் வெளி வரிசையின் நடுக் காயை அளக்க வேண்டும். சீப்பை வெட்டிக் கொத்தாகப் போட்டால் வெளி வரிசையில் வெட்டுக்கு அடுத்த காயை. நீளத்தை வளைவின் வெளிப்புறமாக, பூ முனையிலிருந்து காம்பு கொண்டையில் சேரும் இடம் வரை நாடா வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேலை நேராக வைத்தால் குறைத்துக் காட்டும். தேனிப் பக்கத்து ஜி9 (கிராண்ட் நைன் ரகம்) தாரில் மேல் சீப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை. கடைசி இரண்டு சீப்புகளைத் தோட்டத்திலேயே பூப் பருவத்தில் கழித்துவிட்டால், பேக்ஹவுஸில் அளவு வளையத்தோடு நின்று வாதாட வேண்டாம்.

"ஐரோப்பாவில் வளைந்த வாழைக்குத் தடை" என்று ஒரு கதை சுற்றும். 1994-இல் வந்த 2257 எண் விதியில் இருந்தது "அசாதாரண வளைவு கூடாது" என்பது மட்டுமே. எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் இல்லை.

பால் கறையும் குளிர்க் காயமும்தான் உண்மையான எதிரிகள். 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தோலுக்கடியில் பழுப்புக் கோடு விழும், பழுக்கும்போது மஞ்சள் வராமல் சாம்பல் பூத்தாற்போல நிற்கும். பச்சையாக இருக்கும்போது பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது.

பழையகோப்பு

வாழையைச் சொன்னதால் வெள்ளரியையும் சொல்ல வேண்டும், அங்கே மில்லிமீட்டர் உண்மையிலேயே இருந்தது. 1988-இன் 1677 எண் விதிப்படி எக்ஸ்ட்ராவிலும் முதல் வகுப்பிலும் 10 செ.மீ. நீளத்துக்கு வளைவு 10 மி.மீ. வரைதான். கேலிக்குப் பேர்போன விதி. காரணம் கேலிக்குரியதல்ல: காய் நேராக இருந்தால் பெட்டியில் எத்தனை என்பது திறக்காமலே தெரியும், விலை பேசலாம். 2009 ஜூலை 1 முதல் 26 பயிர்களின் தனி விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் கைவிட்டது, வெள்ளரியும் போனது. ஆப்பிள், பேரி, எலுமிச்சை-ஆரஞ்சு வகை, கிவி, திராட்சை, தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ராபெரி, பீச், லெட்யூஸ் என்று பத்துக்கு மட்டும் தனி விதி நின்றது. ஆனால் ஜெனீவாவில் இயங்கும் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் வெள்ளரித் தரநிலை அப்படியே இருக்கிறது, விரும்புபவர்கள் அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள். விதியை நீக்கியதால் வளைந்த வெள்ளரிக்குச் சந்தை கிடைத்துவிடாது.

எழுதும் முறையையும் சொல்கிறேன். ஜெனீவாவில் பழம்-காய்கறிக்கான சிறப்புப் பிரிவு கூடும். ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் சமமாக உட்காரலாம். எல்லாத் தரநிலைக்கும் ஒரே சட்டகம்: விளக்கம், தரம், அளவு, டாலரன்ஸ், அடுக்குமுறை, சீட்டு. ஒரு நாடு வரைவு கொடுக்கும், மற்றவை திருத்தும், ஓட்டெடுப்பு இல்லாமல் ஒருமித்துப் போக வேண்டும். ஒத்துவராத நாடு தன் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். புது எண்ணில் சந்தேகம் இருந்தால் ஓரிரு ஆண்டுக்குச் சோதனைப் பரிந்துரையாக விட்டுப் பார்ப்பார்கள். கோடெக்ஸில் இந்த வேலையைச் செய்யும் குழுவை மெக்சிகோ நடத்துகிறது. 1988-இல் வெப்பமண்டலப் பழம்-காய்கறிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாப் பழம்-காய்கறிக்கும் விரிந்தது.

வரைவில் கவனிக்க வேண்டியது, எண் எந்த நேரத்துக்கு உரியது என்பது. கிவி அதை அழகாகச் செய்திருக்கிறது. கட்டும்போது 6.2 பிரிக்ஸ், அல்லது உலர்பொருள் (நீர் போக மிஞ்சுவது) சராசரி 15 சதவீதம். விற்பனைச் சங்கிலியில் நுழையும்போது 9.5 பிரிக்ஸ். பறித்த பிறகும் மாவுச்சத்து சர்க்கரையாகும் பழம் என்பதால் இரண்டு எண். திராட்சை பறித்த பிறகு இனிக்காது, அதற்கு ஒன்றே போதும். அவகாடோவில் சர்க்கரையே பேச்சில்லை. ஹாஸ் ரகத்துக்கு 21 சதவீத உலர்பொருள், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்திப் பார்க்க வேண்டும். பழத்தின் உடற்கூறு தெரியாமல் எண் எழுதினால் அது காகிதத்தில்தான் நிற்கும்.

முகப்புச்சீட்டு

மாம்பழத்தில் ஒரு பொறி. கோடெக்ஸில் ஏ அளவு 200 முதல் 350 கிராம். அதனால் 210-ஐயும் 345-ஐயும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஒரே பெட்டிக்குள் பழத்துக்குப் பழம் வித்தியாசம் ஏ-யில் 75 கிராம்தான் இருக்கலாம், பி-யில் 100, சி-யில் 125. அட்டவணையின் அடியில் வரும் அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை.

சீட்டில் கட்டியவர் பெயரும் முகவரியும் அல்லது அரசு ஏற்ற குறியீடு, பொருள் வெளியே தெரியாவிட்டால் அதன் பெயர், திராட்சைக்கு ரகப் பெயர், விளைந்த நாட்டின் முழுப் பெயர், வகுப்பு. எல்லாம் பெட்டியின் ஒரே பக்கத்தில், அழியாமல், வெளியிலிருந்து படிக்கும்படி. நாட்டை இரண்டெழுத்தில் சுருக்குவது, வகுப்பை உள் அட்டையில் அச்சடிப்பது இரண்டும் நல்ல சரக்கையே நிறுத்திவிடும். பழத்தில் ஒட்டும் ஸ்டிக்கரை உரித்தால் பசைத் தடமும் இருக்கக் கூடாது, தோலும் கெடக் கூடாது.

இன்னொன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வகுப்புச் சான்று வேறு, பூச்சி நோய்ச் சான்று வேறு, மருந்து எச்ச அளவு வேறு. 2010-இல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் சிக்கியது குளோர்மெக்வாட் குளோரைடு எச்சத்தால். 2014 மே முதல் இந்திய மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது பழ ஈயால், 2015 தொடக்கத்தில்தான் அது விலகியது. இரண்டிலும் எக்ஸ்ட்ரா வகுப்புப் பழம் இருந்தாலும் பயனில்லை. அக்மார்க் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பூச்சிக்குப் பதில் சொல்ல முடியாது.

கொத்து

பதினைந்துபெட்டி சாரின் கணக்கில் திராட்சைக்கு ஒரு சேர்ப்பு. டாலரன்ஸ் கொத்துகளின் எடையில்தான் போகிறது. கொத்திலிருந்து உதிர்ந்த பழம் முழுதாக, நலமாக இருந்தால் முதல், இரண்டாம் வகுப்புகளில் தனியாக இன்னும் 10 சதவீதம் வரை ஏற்கப்படும். ஆகவே உதிர்ந்ததையும் அழுகியதையும் ஒரே தட்டில் கொட்டி எடை போடாதீர்கள், இரண்டு தட்டு வையுங்கள். கட்டும் மேசையில் கத்தரிக்கோல் நுனி மழுங்கியதாக இருக்கட்டும். கூர்முனை பக்கத்துப் பழத்தைக் கீறினால், பூசணம் அந்தப் புள்ளியில்தான் தொடங்கும்.