மறு: பேக்ஃபீடுக்கு என்ன சொல்? பின்னூட்டல் வேண்டாமே

> பேக் என்றால் பின், ஃபீட் என்றால் ஊட்டல். பின்னூட்டல் நேராகப் பொருந்துகிறதே.

நாம் தமிழில் எழுதும் ஜெனரேட்டர் கையேட்டில் பேக்ஃபீட் என்பது, வீட்டு ஜெனரேட்டரின் கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போவது. அதற்குப் பின்னூட்டல் நேராகப் பொருந்துவதுதான் சிக்கலுங்க. பின்னூட்டம் என்றால் இணையத்தில் பதிவுக்குக் கீழே போடும் கருத்து, மின்னணுவியல் படித்தவர்களுக்கு ஃபீட்பேக். ஜெனரேட்டர் கையேட்டில் 'பின்னூட்டல் ஆபத்து' என்று போட்டால், ஏதோ கருத்து கேட்கிறார்கள் என்று படிக்கிறவர் அடுத்த பக்கம் போய்விடுவார்.

நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். பல்லடம், காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்ட வீடுகளில், கரண்ட் போனதும், சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை இழுத்து ஓடவிட்டு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் அதைச் சுவர் சாக்கெட்டில் சொருகிவிடுகிற ஆட்கள் உண்டு. வீடு முழுக்க லைட் எரியும். மெயினை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் கம்பிக்கே உயிர் கொடுத்துவிடும். லைன் ஆஃப் ஆகியிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கதி என்ன? ஊருக்குள் என்றால் பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் இன்ஜின் முக்கி நின்றுவிடலாம்தான், ஆனால் தோட்டத்துக்குள் ஒன்றிரண்டு இணைப்பு மட்டும் தொங்கும் லைனில் அந்தத் தடையும் இருக்காது. சாக்கெட்டில் இருந்து ஒயர் கழன்றால் கையில் இருக்கும் பிளக் பின்னிலேயே கரண்ட். போதாததற்கு, ஜெனரேட்டர் ஓடும்போதே லைனில் கரண்ட் வந்துவிட்டால் அதுவும் எரிந்து போகும்.

இது தானாக நடப்பதில்லை, யாரோ ஒருவர் செய்வது. அதனால்தான் 'எதிர்மின்னோட்டம்' என்ற இன்னொரு யோசனையும் எனக்கு ஒட்டவில்லை. 'ஓட்டம்' என்றதும் செய்தவர் காணாமல் போய்விடுகிறார். 'எதிரேற்றம்' என்று நானே எழுதிப் பார்த்தேன், மின்னேற்றத்தோடு (சார்ஜிங்) குழம்பும், விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை எதிர்ப்பாய்ச்சல். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மடையை எந்தப் பக்கம் திறந்தோமோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும், திறந்த ஆள்தான் பொறுப்பு. வினையாகவும் வளைகிறது: 'லைனுக்குள் எதிர்ப்பாய்ச்சாதீர்கள்'. பாய்ச்சல் என்றால் புலிப்பாய்ச்சல் நினைவு வராதா என்று யாராவது கேட்பீர்கள். வரட்டும், எச்சரிக்கைச் சொல்லுக்கு அது நல்லதுதானே.

லைன் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்சோவர் சுவிட்சின் பெயரை அப்படியே விடுவோம். கோவை எலக்ட்ரிக்கல் கடையில் போய் 'நிலைமாற்றுச் சொடுக்கி' கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பெயரைவிட, ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கும் டபுள் போல் சேஞ்சோவர் வாங்கி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போட வேண்டும் என்று கையேட்டில் அழுத்தி எழுதுவது முக்கியம்.

போர்ட்டபிள் ஜெனரேட்டருக்குக் 'கையடக்க மின்னாக்கி' என்று யார் போட்டது? நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கிறதே, எந்தக் கையில் அடங்கும்! 'பெயர்ப்பு மின்னாக்கி' என்றால் போதும். அப்புறம், புகை பற்றிய பத்தியில் 'காற்றோட்டமான அறையில் வைக்கவும்' என்று வரைவில் இருப்பதை உடனே எடுங்கள். சன்னல் திறந்திருந்தாலும் அறைக்குள், திண்ணையில், மாட்டுக்கொட்டகையில் வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வெளியே, கதவு சன்னலில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் என்று எழுதுங்கள். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதே என்ற வரி சரியாக இருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும்.

கார்புரேட்டருக்குத் தமிழ் தேடுகிற மடலை யாராவது தொடங்கினால், நான் இப்போதே எதிர்க்கட்சி.